அரை மாத்திரை எங்கே போனது

பிரபு,

இதை உட்கார்ந்து படி. மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டோ, இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டுக்கொண்டோ படிக்காதே. உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. பத்திரிகை வந்துவிட்டது. மாமல்லபுரத்து மண்டபத்துக்காரரோடு உன் அப்பா இரண்டு முறை சண்டை போட்டு இரண்டு முறை சமாதானமும் ஆகிவிட்டார். இன்று காலை வேட்டி எடுக்கப் போகிறேன் என்று காஞ்சிபுரம் கிளம்பிவிட்டார். வீட்டில் நான் மட்டும்தான். கடையைத் திறக்காமல், கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இதை அடிக்கிறேன்.

நன்றி சொல்வது நம் வீட்டில் வழக்கமில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரிடம் நன்றி சொன்னால், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற குடும்பம் இது. அதனால்தான் கடிதம். எழுத்தில் சொன்னால் நீ என் நெற்றியைத் தொட முடியாது. ஆறு வருடமாக உனக்குச் சொல்ல வேண்டிய நன்றி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அதுதான் இத்தனை நாள் என்னைத் தடுத்தது.

செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் டி.டி.பி. கடை வைத்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள், கம்ப்யூட்டரையும் தட்டிவிடலாம் என்ற தைரியம்தான் மூலதனம். மனு, பத்திரிகை, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று எது வந்தாலும் அடித்தேன். அக்கா கைவைத்தால் தப்பு இருக்காது என்று ஊரில் ஒரு பேர் வந்தது. அந்தப் பேர் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நகை போட்டுக்கொண்டு நடப்பதைப்போல அதைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்டுகளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கம்ப்யூட்டரில் அடித்ததை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால், அங்கேயும் அதே ஃபான்ட் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். இல்லையென்றால் கோணலும் மாணலுமாக ஆங்கிலக் குறிகள் வரும். நம் வட்டாரத்தில் கூடுவாஞ்சேரியிலிருந்து மதுராந்தகம் வரைக்கும் எல்லாரும் ஒரே ஃபான்ட்டைத்தான் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருந்தோம். அதனால் எனக்கு அந்தக் கவலை இருந்ததே இல்லை. அந்த ஃபான்ட்டில் இருந்த ஒரே குறை, அதில் ½ என்ற குறி கிடையாது. பாகப்பிரிவினைப் பத்திரம் அடிக்கிறபோதெல்லாம் அது வேண்டியிருந்தது. ஃபான்ட்டைத் திறந்து திருத்தும் சாஃப்ட்வேர் ஒன்றை யாரோ போட்டுக் கொடுத்தார்கள். மூன்று நாள் மல்லுக்கட்டி, ஃபான்ட்டில் காலியாகக் கிடந்த ஓர் இடத்தில் நானே அந்த அரையை வரைந்து வைத்தேன். அன்றைக்கு உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ரயில்வே சிக்னல் ஆள், எதையும் சுலபத்தில் மெச்ச மாட்டார். நன்றாகத்தான் இருக்கிறது, இது வேறு ஃபான்ட் ஆகிவிட்டதே, வேறு பேர் வைக்க வேண்டாமா என்று கேட்டார். பேரை மாற்றினால் பழைய ஃபைல் எல்லாம் அடம்பிடிக்கும், உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று அவரை அனுப்பிவிட்டேன். சிக்னல் ஆளுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை.

நீ இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கும்போது அந்தப் புத்தக வேலை வந்தது. குழந்தைகள் டாக்டரம்மா ஒருவர் வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்காகக் கிராமம் கிராமமாக முகாம் நடத்திக்கொண்டிருந்தார். பெற்றோருக்கு ஒரு கையேடு வேண்டும், அதை அச்சடித்தால் மருந்து மாறும்போதெல்லாம் வீணாகிறது, மின்னூலாகச் செய்து கொடுங்கள் என்றார். படாளத்திலிருந்து மாமல்லபுரத்துக் கடற்கரை வரை எட்டு ஊர்களில் அவருடைய சங்கம் கம்ப்யூட்டர் மையம் வைத்திருந்தது. அங்கே ஃபைலைப் போட்டு வைத்தால், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் தேவையோ அதை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள். நல்ல யோசனை. நான் பேஜ்மேக்கரில் அடித்து, படம் வைத்து, மாத்திரை அட்டவணை போட்டு, பி.டி.எஃப். ஆக்கினேன். டாக்டரம்மா நம் கடைக்கே வந்து, என் திரையில் வரிவரியாகப் பார்த்துச் சரி என்றார்.

நீ அந்தச் சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாய். ஃபைலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

“அம்மா, ஃபான்ட்ட ஃபைலுக்குள்ள வச்சு அனுப்பு. அவங்க மிஷின்ல இருக்கிறது உன் ஃபான்ட் கெடயாது.”

நான் எம்பெட் செய்வதை நிறுத்தி வைத்திருந்தேன். இந்த ஃபான்ட்டை எப்போதும் உள்ளே வைக்காதே என்று சாஃப்ட்வேருக்கே உத்தரவு போட்டிருந்தேன். ஃபான்ட் உள்ளே போனால் ஃபைல் பெருக்கும், ஒரு ஃப்ளாப்பியில் அடங்காது. எட்டு மையத்துக்கு எட்டு ஃப்ளாப்பி என்று கணக்காக வாங்கி வைத்திருந்தேன். சி.டி.யில் போடலாம் என்றாய். ஃபைல், படம், ஃபான்ட், படிக்கவும் என்று ஒரு குறிப்பு, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கட்டிக் கொடுக்க வேண்டும் என்றாய். என்ன, ஃபைலுக்குக் கட்டுச்சோறா என்று உன்னைக் கிண்டல் செய்தேன். நீ பிறப்பதற்கு முன்பே டைப் அடித்தவள் நான் என்றும் சொன்னேன். நீ தோளைக் குலுக்கிவிட்டு டீ போடப் போய்விட்டாய். போகும்போது மறுபடியும் ஒருமுறை சொன்னாய். இரண்டாவது முறை சொன்னது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

பிறகு நடந்ததை நீ அறிவாய். படாளத்தில் கன்னியம்மா என்று ஒருத்தி. அவள் நாற்று நடப் போயிருந்த நாளில் அவள் வீட்டுக்காரர் ஐந்து வயது மகளை முகாமுக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா மாத்திரையைக் கொடுத்து, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று வாயாலும் சொல்லி, மையத்தில் பிரிண்ட் எடுத்த சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார். வீட்டுக்காரர் அதை வழியிலேயே மறந்துவிட்டார். எட்டாவது வரை படித்த கன்னியம்மா சீட்டைப் பார்த்து முழு மாத்திரையாகக் கொடுத்தாள். என் திரையில் ‘காலை ½ மாத்திரை, இரவு ½ மாத்திரை’ என்று இருந்த இடத்தில், படாளத்துச் சீட்டில் ‘காலை மாத்திரை, இரவு மாத்திரை’ என்று இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த ஃபான்ட்டுக்கும் என் ஃபான்ட்டுக்கும் ஒரே பேர். ஃபைல் அதை எடுத்துக்கொண்டது. அங்கே நான் வரைந்த அரை இல்லை, காலி இடம்தான் இருந்தது. மற்ற எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்ததால் எதுவும் குறைகிறது என்று எவருக்கும் சந்தேகம் வரவில்லை. குறிகளாகச் சிதறி வந்திருந்தால்கூட யாராவது கேட்டிருப்பார்கள். குழந்தை இரண்டு நாள் கண் திறக்காமல் தூங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் டாக்டரம்மா அந்தச் சீட்டோடு கடைக்கு வந்தார். ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த நீ கடையில் இருந்தாய், உன் அப்பா இருந்தார். சீட்டை மேஜைமேல் வைத்து, இந்த ஃபைலைச் செய்தது யார் என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசினேன்.

“பையன்தான் டாக்டர் கடைசியா பி.டி.எஃப். பண்ணான்.”

நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு முறைதான் பார்த்தாய். பிறகு அவரைப் பார்த்து, ஆமாம் டாக்டர், நான் கவனித்திருக்க வேண்டும் என்றாய். உன் அப்பாவும் அதை நம்பினார். உன்னை அன்றைக்கு அவர் திட்டியது எனக்குக் கேட்டது. நான் அடுத்த அறையில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். நீ மாணவன், உன்னை மன்னித்துவிடுவார்கள், என்னை மன்னிக்க மாட்டார்கள் என்று அந்த நொடியில் தோன்றியது. அது சமாதானம். உண்மை என்னவென்றால், என் பேரைக் கழற்றி வைக்க எனக்கு மனம் வரவில்லை, கைக்கு எட்டிய இடத்தில் நீ நின்றாய். விடுமுறையில் அவருடைய அடுத்த நான்கு புத்தகங்களை நீ செய்வதாக இருந்தது. உன் கல்லூரி புராஜெக்டுக்கும் அது உதவியிருக்கும். அந்த வேலை அதற்குப் பிறகு வேறு இடத்துக்குப் போயிற்று. நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ செய்ததை இப்போது வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாய். பி.டி.எஃப்.பில் எந்த ஃபான்ட் உள்ளே இருக்கிறது, எது இல்லை என்று காட்டும் பட்டியலைத் திறந்தாய். நம் ஃபான்ட் பேர் இருந்தது, உள்ளே வைத்ததாக இல்லை. பிறகு நம் கம்ப்யூட்டரிலிருந்து என் ஃபான்ட்டை எடுத்துவிட்டு, நான் திருத்துவதற்கு முன்பிருந்த பழைய ஃபான்ட்டைப் போட்டு அதே ஃபைலைத் திறந்தாய். என் கண் முன்னாலேயே எல்லா அரையும் மறைந்தது. அட்டவணை முழுக்கச் சுத்தமாக, அழகாக, தப்பாக இருந்தது. ஃபான்ட்டை உள்ளே வைப்பது இருக்கட்டும், முதலில் குறியே வேண்டாம் என்று எல்லா இடத்திலும் ‘அரை’ என்று எழுத்தால் அடிக்கச் சொன்னாய். இரண்டெழுத்து. கட்டம் கொஞ்சம் அகலமாயிற்று, அவ்வளவுதான். அதை முதலிலேயே செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. பிறகு எம்பெட் செய்து, ஃபான்ட் இல்லாத பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, எட்டு சி.டி. போட்டோம்.

மறுநாள் நீ கல்லூரிக்குப் போகாமல், மொபெட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எட்டு ஊருக்கும் போனாய். ஒவ்வொரு மையத்திலும் பழைய ஃபைலை அழித்து, புதியதைப் போட்டு, யார் யாருக்குச் சீட்டு கொடுத்தார்கள் என்று கேட்டு, வீடு வீடாகப் போய்ப் பழைய சீட்டைத் திரும்ப வாங்கினோம். வேறு எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. படாளத்தில் கன்னியம்மா வீட்டு வாசலில் நான் இறங்கவே தயங்கினேன். அவள் முகம் வீங்கியிருந்தது. உள்ளே அவள் வீட்டுக்காரர் யாரிடமோ, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவளிடம் பிள்ளையைக் கொடுத்தது என் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நம்மிடம் சண்டை போடவில்லை. சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

“மாத்திரன்னுதாங்க போட்டுகீது. மூணு தபா படிச்சி பாத்தன். எனக்குத்தான் படிக்கத் தெரிலன்னு இவுரு எல்லார் கைலயும் சொல்லிகினு கீறாரு.”

நீ செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனாய்.

“அண்ணா, அவங்க சரியாத்தான் படிச்சாங்க. சீட்டுதான் தப்பு. அத அடிச்சது நான்தான். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க.”

அந்த மனிதர் உன்னை அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். கையை ஓங்கவும் செய்தார். நீ அசையவில்லை. நான் வாசலிலேயே நின்றேன். முதல் முறை நான் பொய் சொன்னேன், இரண்டாம் முறை வாயைத் திறக்கவில்லை. எது பெரிய தப்பு என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. முதலாவதில் யோசிக்க நேரமில்லை. இரண்டாவதில் செங்கல்பட்டிலிருந்து படாளம் வரைக்கும் நேரம் இருந்தது.

கடைசி மையம் மாமல்லபுரத்துக்கு அந்தப் பக்கம், மீனவர் குடியிருப்புப் பள்ளிக்கூடத்தில். சாவி வைத்திருந்த பெண் வருவதற்காகச் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து காத்திருந்தோம். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் நீயே பேசினாய். அந்த ஃபான்ட்டுக்கு வேறு பேர் வைக்க வேண்டும், உன் பேரையே வைத்துவிடட்டுமா அம்மா, உலகத்தில் வேறு எவனிடமும் அது இருக்காது, சண்டையே வராது என்றாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். எனக்கு அழுகை வந்தது. கடற்காற்று மணலை வாரி அடித்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. நீ கவனித்திருப்பாய், கவனிக்காததுபோல் இருந்தாய். அதற்கும் சேர்த்துத்தான் நன்றி.

இத்தனை வருடத்தில் எத்தனை சண்டை போட்டிருக்கிறோம். நீ வேலையை விட்டுவிட்டு வேறு வேலை தேடியபோது நான் பேசாத பேச்சில்லை. ரேவதியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னபோது ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எந்தச் சண்டையிலும் நீ அந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்து என்மேல் வீசியதில்லை. நானாக இருந்தால் முதல் சண்டையிலேயே வீசியிருப்பேன். போன மாதம் ரேவதி வீட்டுக்கு வந்தபோது, மின்னூல் வேலைக்கு எப்படி வந்தாய் என்று உன்னைக் கேட்டாள். காலேஜ் படிக்கும்போது ஒரு தப்பு பண்ணினேன், அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன் என்று சொன்னாய். கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் என்னைக் காப்பாற்றினாய். நான் காபி எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன். இதற்குமேல் முடியாது என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது இந்தத் தொழிலில் பட்டுத் தெரிந்ததுதான். நாம் சொல்வது நமக்கு எப்போதும் சரியாகவே தெரியும், ஏனென்றால் அதைப் படிக்க வேண்டிய ஃபான்ட் நம்மிடம் இருக்கிறது. ரேவதி வேறு வீட்டில் வளர்ந்தவள். நம் வீட்டில் கோபம் வந்தால் பேசாமல் இருப்போம், சாப்பாட்டை மட்டும் இரண்டு கரண்டி அதிகமாகப் போடுவோம். அதற்கு அர்த்தம் நமக்குத்தான் தெரியும். அவளுக்கு அது வெறும் சோறு. அதனால் மனதில் இருப்பதைச் சுருக்கி ஒரு குறியாகப் போடாதே, முழுசாக எழுத்தால் சொல்லு. அவளுக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், உன்னிடம் இருப்பது அவளிடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார். உன் அப்பாவும் நானும் இதைத் தெரிந்துகொள்ள இருபது வருடம் ஆயிற்று. இன்னொன்று, அவள் ஒரே விஷயத்தை இரண்டாவது முறை சொன்னால் கோபப்படாதே. எனக்கு ஒருவன் இரண்டு முறை சொன்னான்.

போன வாரம் டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். முழுக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அந்தப் பையனுக்கு நான் கொடுத்த வேலையைப் பிடுங்கிவிட்டேனே அம்மா என்றார். அவர் உனக்கு எழுதுவார். உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். வேட்டி எடுக்கப் போனார் என்று சொன்னேன் அல்லவா, நேற்றிலிருந்து அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பேசுவார். உன்னைத் திட்டியதை நினைத்துத்தான் அவருக்கு அதிக வருத்தம் என்று நினைக்கிறேன்.

முந்தாநாள் படாளம் போனேன். கன்னியம்மா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் தெரிந்தது. அந்தச் சீட்டை அடித்தது என் மகன் இல்லை, நான்தான், அவன் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் செய்தது நான் என்று சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“அன்னிக்கி அந்தப் புள்ள வந்து சொல்லாங்காட்டி, நான் இன்னிக்கும் இந்த வூட்ல படிக்கத் தெரியாதவதான். செய்யாத தப்புக்கு அது அன்னிக்கே வந்து நின்னுச்சி. செஞ்ச நீ வர்றதுக்கு இத்தினி வருசமா?”

வீட்டுக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்தாள். அவள் மகள் நதியா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். ஆறாவது படிக்கிறாள். வலிப்பு நின்று இரண்டு வருடம் ஆயிற்றாம், மாத்திரையையும் நிறுத்திவிட்டார்களாம். கன்னியம்மா அவளிடம் என்னைக் காட்டி யார் என்று சொல்லத் தெரியாமல் தயங்கினாள். நானும் தயங்கினேன். பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் பொய் சொன்னது நான்கு சுவருக்குள். ஆனால் அது எட்டு ஊருக்கும் போய்விட்டது, எல்லா மையத்திலும் இந்தப் பையன்தான் தப்பாகச் செய்தான் என்று பேசினார்கள். அதனால் இந்தக் கடிதத்தையும் மூடி வைக்கப் போவதில்லை. அடித்து முடித்ததும் எட்டு ஊருக்கும் பத்திரிகையோடு சேர்த்து அனுப்புகிறேன். வேண்டாம் அம்மா என்று நீ சொல்வாய். இரண்டு முறை சொன்னாலும் இந்தத் தடவை கேட்க மாட்டேன்.

கன்னியம்மா குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மண்டபத்தில் நதியா உன்முன்னால் வந்து நிற்கும்போது நீ ஒன்றும் பேசாதே. நான் பக்கத்தில் இருப்பேன். உன்னைத் தூங்கவைத்தது நான், உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியும் என்று வந்து சொன்னது இவன் என்று அவளிடம் நானே சொல்கிறேன்.

அம்மா